பொடிக்குள் இருக்கும் பலம்
அம்பத்தூர்ப் பட்டறைகளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு இளகுவதை அன்றாடம் பார்க்கிறோம். உலோகத் துகள் சிறுத்தால் இன்னும் மோசம்: 1,064 டிகிரியில் உருகும் தங்கம், சில நானோமீட்டர் அளவுப் பொடியானால் அதற்கு வெகு முன்பே உருகிவிடும். பிறகு நானோ துகளை நம்பி வெப்பம் தாங்கும் உலோகம் செய்வது எப்படி என்று கேட்கலாம். சூட்டுக்கு அசையாத துகளைத் தேர்ந்து, அதை எஃகுக்குள் புதைத்தால் முடியும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், அணு உலையின் எரிபொருள் குழாய்களுக்காக உருவாக்கிய எஃகில் அப்படிப்பட்ட துகளான இட்ரியம் ஆக்ஸைடு சுமார் 0.35 சதவீதம்தான்; இவ்வளவு கொஞ்சம் இவ்வளவு செய்வதுதான் வியப்பு. உள்ளே பரவிய நுண்துகள்கள் படிக அடுக்குகள் வழுக்காமல் முட்டுக் கொடுப்பதால், 650 டிகிரியிலும் எஃகு எளிதில் தளர்வதில்லை. உருக்கி வார்த்தால் செலவு குறையுமே என்பார்கள். உருகிய எஃகில் ஆக்ஸைடு திரண்டு மிதந்துவிடும். ஆகவேதான் இரண்டையும் பொடியாகவே எஃகுக் குண்டுகளோடு மணிக்கணக்கில் அரைத்து, சூடாக்கி அழுத்திப் பிதுக்குகிறார்கள்.