பூனை மண்ணுக்கு காசைக் கொட்ட வேண்டாம்... பொள்ளாச்சி நார்த்தூளே போதும்!

கோவை: எலி பிடிக்க மில் குடோனிலும் மளிகைக் கடையிலும் திரிந்த பூனை, இப்போது லைன் வீட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்துத் தூங்குகிறது. தெருவில் கிடந்த குட்டியை பிள்ளைகள் தூக்கி வந்து விடுகிறார்கள். அம்மாக்கள் ரெண்டு நாள் திட்டிவிட்டு மூன்றாம் நாள் தாங்களே மீன் வாங்கிப் போடுகிறார்கள். அதுக்கு அப்புறம்தான் செலவுக் கணக்கு ஆரம்பிக்கிறது.

பெட் ஷாப்பில் கால் வைத்தால் பூனை மண் ஒரு மூட்டை, அதற்கு மூடி போட்ட தட்டு, அள்ள ஒரு கரண்டி, மெத்தை, கழுத்துப் பட்டை, மணி, பொம்மை எலி என்று பில் நீளும். "மண்ணைப் போயி காசு குடுத்து வாங்குவாங்களாங்?" என்று கேட்பவர்களை குறை சொல்ல முடியாது. இதில் முக்கால்வாசிக்கு கொங்கு மண்டலத்திலேயே மலிவான மாற்று இருக்கிறது. ஆனால் தீனியிலும் வைத்தியத்திலும் மிச்சம் பிடிக்கப் போனால் பூனையின் உயிருக்கே உலை வைத்த மாதிரி ஆகிவிடும்.

பவுண்டரியில் இருக்கும் அதே மண்

முதலில் மண். பூனைக்கு கழிவை மூடி மறைக்கும் பழக்கம் பிறவியிலேயே உண்டு. தோண்ட ஏதாவது கொடுத்தால் போதும், யாரும் சொல்லித் தராமலே போய் உட்காரும். முன்பெல்லாம் வெளிநாட்டுக்காரர்களும் சாம்பலையும் மரத்தூளையும்தான் தட்டில் கொட்டி வைத்தார்கள். 1947ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோவ் என்பவர், பக்கத்து வீட்டுக்காரர் பூனைக்கு மணல் கேட்டபோது, எண்ணெய் உறிஞ்சுவதற்காக விற்கும் களிமண் குருணையைக் கொடுத்தார். அது பிடித்துப் போகவே பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்தார். பூனை மண் வியாபாரம் பிறந்தது அப்படித்தான்.

இப்போது கடையில் அதிகம் விற்பது ஈரம் பட்டதும் கட்டியாகிற மண். அதன் பெயர் பெண்டோனைட். பீளமேடு, கணபதி பக்கம் பவுண்டரியில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பெயரை புதுசாகச் சொல்ல வேண்டியதில்லை. அச்சு எடுக்கும்போது மணல் உதிராமல் பிடித்து நிற்கச் சேர்ப்பதும் பெண்டோனைட்தான். தண்ணீர் பட்டால் உப்பி, பிசின் போல ஒட்டிக்கொள்ளும். அதனால் தட்டில் ஈரமான இடம் மட்டும் உருண்டையாகிவிடும், அதை மட்டும் அள்ளிப் போட்டால் போதும்.

அப்படியென்றால் பவுண்டரியிலிருந்தே கொஞ்சம் அள்ளி வந்து விடலாமே என்று தோன்றும். கூடவே கூடாது. பவுண்டரிக்கு வருவது மாவு மாதிரி நைசான தூள். பூனை காலால் கிளறினால் பறந்து அதன் நெஞ்சுக்குள் போகும், வீட்டில் இருப்பவர்களுக்கும் இருமல் வரும். வார்ப்பு முடிந்து கழித்துக் கொட்டிய மணலில் நிலக்கரித் தூளும் ரசாயனமும் கலந்திருக்கும். பூனை பாதத்தை நக்கும் பிராணி என்பதால் அத்தனையும் வயிற்றுக்குத்தான் போகும்.

கட்டியாகிற மண்ணில் இன்னும் ரெண்டு சிக்கல் உண்டு. நாலு மாதம் ஆகாத குட்டி எதையும் வாயில் வைத்துப் பார்க்கும். இந்த மண்ணைத் தின்றால் குடலுக்குள் போய் உப்பி அடைத்துக்கொள்ளலாம். அடுத்தது, அள்ளிய உருண்டையை கக்கூஸில் போட்டு தண்ணீர் ஊற்றுவது. பாதாள சாக்கடை குழாய்க்குள்ளும் அது உப்பத்தான் செய்யும். அடைப்பு எடுக்க வருபவருக்குக் கொடுக்கும் காசில் ஒரு மூட்டை மண்ணே வாங்கிவிடலாம்.

பொள்ளாச்சி சரக்கு

மலிவான மாற்று கோவையிலிருந்து ஒரு மணி நேரப் பயண தூரத்தில் மலையாகக் குவிந்து கிடக்கிறது. பொள்ளாச்சி, உடுமலை பக்கத்து நார் மில்களில் மட்டையிலிருந்து நாரைப் பிரித்த பிறகு மிஞ்சும் நார்த்தூள்தான் அது. காயர் பித் என்பார்கள். செடி வளர்க்க கட்டியாக அமுக்கி வெளிநாடுகளுக்கும் கப்பல் ஏறுகிறது. தன் எடையைப் போல பல மடங்கு தண்ணீரைக் குடிக்கும். காலுக்கு மெத்தென்று இருக்கும். குட்டி கொஞ்சம் தின்றுவிட்டாலும் பெண்டோனைட் மாதிரி கட்டி தட்டாது.

நர்சரிகளில் கட்டியாகக் கிடைப்பதை வாங்கினால் உதிர்த்து, மாடியில் நல்ல வெயிலில் காயப்போட்டு, சல்லடையில் நைஸ் தூளை சலித்துத் தள்ளிவிட வேண்டும். உரம், வேப்பம் பிண்ணாக்கு கலந்த செடி மண் கலவையை பூனைக்குப் போடக் கூடாது, வெறும் தூள்தான் வேண்டும். தட்டில் ரெண்டு, மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்பினால் போதும்.

குறை இல்லாமல் இல்லை. காலில் ஒட்டி வீடெல்லாம் இறையும். தட்டுக்கு வெளியே ஒரு பழைய மிதியடியைப் போட்டால் பாதி குறையும். கட்டியாகாது என்பதால் ஈரமான இடத்தைக் கரண்டியால் தோண்டித்தான் எடுக்க வேண்டும், வாரம் ஒரு தடவை மொத்தமாக மாற்ற வேண்டும். மாற்றிய தூளை கீரைப் பாத்தியிலோ தக்காளிச் செடியிலோ கொட்டக் கூடாது.

ஆசாரிகள் இழைத்துத் தள்ளும் மரச்சுருளும் பரவாயில்லை. ஆனால் பிளைவுட் அறுத்த தூள் வேண்டாம், அதில் பசை இருக்கும். எம்-சாண்ட் ஈரத்தை உறிஞ்சாது, நாற்றம்தான் மிஞ்சும். ரோட்டோர மணலில் ஊர்ப் பூனைகள் எல்லாம் போயிருக்கும், புழு வரும். ஒன்றுமே கிடைக்காத நாளில் நேற்றைய பேப்பரை கிழித்துப் போட்டாலும் சமாளிக்கலாம். எதை மாற்றினாலும் ஒரே நாளில் மாற்றாமல் பழையதோடு கலந்து கலந்து மாற்ற வேண்டும். பூனை அந்த விஷயத்தில் பிடிவாதக்கார ஆசாமி, பிடிக்காவிட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

தட்டுக்கு பழைய பிளாஸ்டிக் பேசினே போதும். பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். குட்டிக்கு விளிம்பு தாழ்வாக இருக்கணும். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் எந்தப் பூனையும் போகாது. ரெண்டு பூனை இருந்தால் மூன்று தட்டு என்பது கணக்கு.

கர்ப்பிணிகள் உஷார்

பூனைக் கழிவில் டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கலாம். கர்ப்ப காலத்தில் முதல் தடவையாகத் தொற்றினால் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும். அதற்காக பூனையைத் தூக்கி வெளியே போட வேண்டியதில்லை. கழிவு வெளியே வந்து குறைந்தது ஒரு நாளாவது ஆன பிறகுதான் அந்தக் கிருமி தொற்றும் பக்குவத்துக்கு வரும். தினமும் அள்ளி சுத்தம் செய்தால் பெரும்பாலும் ஆபத்து இல்லை. அந்த வேலையை வீட்டுக்காரர் செய்தால் முடிந்தது கதை.

தட்டு காட்டிக் கொடுக்கும்

தினமும் அள்ளச் சொல்வதற்கு நாற்றத்தை விட பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஆண் பூனைகளுக்கு சிறுநீர் போகும் குழாய் ரொம்ப குறுகல். மணல் மாதிரி உப்பும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் சொட்டுக்கூட இறங்காது. பூனை தட்டுக்குப் போகும், முக்கும், கத்தும், திரும்ப வரும். பார்ப்பவர்கள் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ரத்தத்தில் விஷம் ஏறி ஒன்றிரண்டு நாளிலேயே உயிர் போய்விடும்.

தட்டில் ஈரம் இல்லை, ஆனால் பூனை திரும்பத் திரும்பப் போய் உட்காருகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். குழாய் போட்டு சிறுநீரை வெளியேற்றினால் பிழைக்க வழி உண்டு.

இந்த அடைப்புக்கு ஒரு காரணம் தண்ணீர் குறைவு. பூனையின் மூதாதை வறண்ட பூமியில் வாழ்ந்த காட்டுப் பூனை. தாகம் குறைவு, இரையிலிருந்தே தண்ணீரை எடுத்துக்கொள்ளும். சிறுவாணித் தண்ணியாகவே இருந்தாலும் கிண்ணத்தில் வைத்ததை அது நிறையக் குடிக்காது. கடையில் விற்கும் உலர் தீனியில் தண்ணீர் பத்து சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். ஈரத் தீனியில் 75 சதவீதத்துக்கு மேல். அதனால் உலர் தீனி மட்டுமே போடுகிற வீட்டில் அதன்மேல் கொஞ்சம் வெந்நீரோ உப்பு போடாத கோழிச் சாறோ ஊற்றிக் கொடுப்பது நல்லது. தண்ணீர்க் கிண்ணம் வீட்டில் ரெண்டு மூன்று இடத்தில் இருக்கணும்.

பால் சோறு போதாது

பூனை என்றாலே பால் என்பது நம்ம ஊர் வழக்கம். ஆனால் வளர்ந்த பூனைகளில் நிறையவற்றுக்கு பால் ஜீரணமாகாது, வயிற்றால் போகும். தாயில்லாக் குட்டிக்கு பசும்பால் கொடுத்து வயிற்றுப்போக்கில் பறிகொடுப்பவர்கள் உண்டு. அதற்கென்று குட்டிப் பால் பவுடர் கடையில் இருக்கிறது.

ரசம் சோறு, தயிர் சோறு சாப்பிட்டு நாய் ஓரளவு தாக்குப் பிடிக்கும். பூனை முழுக்க முழுக்க மாமிசப் பிராணி. டாரின் என்ற சத்தை அதன் உடம்பு போதிய அளவில் தயாரிக்காது, மாமிசத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். அது குறைந்தால் கண் பார்வை போகும், இதயம் பலவீனமாகி வீங்கும். பூனைகளின் இதய நோய்க்கு இது காரணம் என்று 1987ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்த பிறகுதான் கம்பெனித் தீனிகளில் டாரினை அதிகமாகச் சேர்த்தார்கள். விலை குறைவு என்று நாய்த் தீனியை பூனைக்குப் போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

மலிவாக டாரின் வேண்டுமென்றால் கறிக்கடையில் கோழி இதயம் கேட்டு வாங்கலாம். நெஞ்சுக் கறியை விட தொடைக் கறியில் டாரின் அதிகம். வேக வைக்கும்போது பாதி சத்து தண்ணீரில் இறங்கிவிடும் என்பதால் அந்தச் சாற்றைக் கொட்டாமல் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஈரல் வாரத்தில் ஒரு நாள் போதும், தினமும் போட்டால் வைட்டமின்-ஏ மிஞ்சிப்போய் கழுத்து எலும்பு இறுகிவிடும். வெறும் கறி மட்டும் தின்னும் குட்டிக்கு சுண்ணாம்புச் சத்து கிடைக்காமல் எலும்பு வளையும். அதனால் ஒரு வயது வரையாவது குட்டிகளுக்கென்றே வரும் பாக்கெட் தீனியை அடிப்படையாக வைத்துக்கொண்டு, கறியை மேல் தீனியாகக் கொடுப்பதே பாதுகாப்பு. பாக்கெட்டில் 'முழுமையான, சமச்சீர் உணவு' என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில பாக்கெட்டுகள் நொறுக்குத் தீனி மட்டும்தான்.

உக்கடத்தில் மத்தி மலிவாகக் கிடைக்கும் நாளில் வாங்கிப் போடலாம், ஆனால் பச்சையாக வேண்டாம். சில பச்சை மீன்களில் வைட்டமின் பி-1ஐ அழிக்கும் பொருள் உண்டு. கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். வெங்காயம், பூண்டு விழுந்த குழம்பு பூனைக்கு ரத்தத்தைக் கெடுக்கும். கோழியையும் பச்சையாகப் போடக் கூடாது. 2025ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளுக்கே பறவைக் காய்ச்சல் இருப்பது தெரிந்தது. பல்லடமும் நாமக்கல்லும் கோழி வளர்க்கும் பூமி என்பதால் இங்கே அந்தக் கவனம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

பினாயிலும் காய்ச்சல் மாத்திரையும்

சில விஷங்களைப் பிரித்து வெளியேற்றும் சக்தி மனிதனின் ஈரலுக்கு உண்டு, பூனையின் ஈரலுக்கு அது மிகக் குறைவு. பூனைக்கு காய்ச்சல் என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைப் பொடித்துக் கொடுத்தால், ஒரு 500 மில்லி கிராம் மாத்திரையே உயிரை எடுக்கப் போதும். தரையில் ஊற்றும் பினாயிலும் அப்படித்தான். ஈரத்தில் நடந்து பாதத்தை நக்கும். பூனை தட்டை பினாயில் போட்டுக் கழுவவே கூடாது, பாத்திரம் கழுவும் சோப்பும் சுடுதண்ணியும் போதும்.

நாய்க்கு உண்ணி மருந்தாகப் போடும் பெர்மெத்ரின் பூனை மேல் பட்டால் வலிப்பு வரும். பொக்கேயில் வரும் லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போச்சு. மல்லிகை பற்றி பயப்பட வேண்டாம்.

மெத்தை, பொம்மை, பட்டை

மெத்தைக்கு காசு தேவையில்லை. அட்டைப் பெட்டிக்குள் திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியைப் போட்டால் ராஜ படுக்கை. ஆனால் நூல் பிரிந்து தொங்கக் கூடாது. தறி வீட்டிலும் தையல்காரர் வீட்டிலும் இதுதான் பெரிய ஆபத்து. பூனையின் நாக்கு முள்முள்ளாக இருப்பதால் நூல் உள்ளேதான் போகும், வெளியே துப்ப வராது. வாயிலோ பின்பக்கமோ நூல் நீட்டிக்கொண்டிருந்தால் இழுக்கக் கூடாது, குடலை அறுத்துவிடும். ரப்பர் பேண்டும் அதே ரகம்.

நகம் தேய்க்க கட்டைக் காலில் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிவிட்டால் சோபா தப்பிக்கும். அபார்ட்மென்ட் மாடியில் இருப்பவர்கள் ஜன்னலுக்கும் பால்கனிக்கும் கெட்டியான வலை அடிப்பது அவசியம். கழுத்துப் பட்டை போட்டே ஆகணும் என்றால், எங்காவது மாட்டி இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் வகைதான் வாங்க வேண்டும். கயிறு போட்டுக் கட்டி வைப்பது தூக்கு மாட்டிவிடுவதற்குச் சமம்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய சாமான் ஒன்று உண்டு. மூடி போட்ட கூடை. பயந்த பூனையை மடியில் வைத்து பஸ்ஸிலோ பைக்கிலோ கொண்டுபோக முடியாது. அரசு கால்நடை மருத்துவமனைகளில் பூனைக்கும் வைத்தியம் பார்க்கிறார்கள். உடுமலை அருகே பண்ணைக்கிணறில் 2020ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் நாமக்கல் கல்லூரியும் இருக்கின்றன. குட்டிக்கு ரெண்டு மாதத்தில் பூனைக் கொள்ளை நோய்க்கான முதல் ஊசி, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி போட்டுவிட வேண்டும். ஊசி போடாத பூனை பிறாண்டினால், கடித்தால், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே வெறிநோய் தடுப்பூசி இலவசம்.