ஊர்காவற்றுறையும் எழுவைதீவும்

பண்ணைத் தாம்போதியைக் கடந்து மேற்கே சென்றால் ஊர்காவற்றுறையை அடையலாம். ஊரைக் காக்குந் துறையென்பது பெயர்ப்பொருள். அதற்குச் சான்றெனக் காரைநகர்க்கு இடைப்பட்ட கடலில் நிற்கின்றது கடற்கோட்டை. 1658இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், பன்றித்தொடையின் குதியெனப் பொருள்படும் 'ஹமன்ஹீல்' என்ற பெயரால் வழங்கினர். இலங்கையின் வடிவம் அவர்க்கு அவ்வாறு தோன்றிற்றாம், உவமைநயம் அவ்வளவே!

பாய்க்கப்பல்கள் அணைந்த அத்துறையில் இன்று ஆரவாரமில்லை. அங்கிருந்து எழுவைதீவுக்கு வள்ளமேறினேன். பனங்கூடலும் ஆழமற்ற தெளிகடலும் காண்போரைக் கவர்வன. நகரத்தார் இதனைக் 'கெடாத அழகு' என்பர், அது தவறன்று.

என்னருகே மருந்துப் பொதியோடு அமர்ந்திருந்த மூதாட்டியாரோ, "வடிவுதான் தம்பி. பெரிய வருத்தமெண்டால் கடல் கடக்கவேணும். சோழகம் பெருத்தால் வள்ளமும் ஓடாது" என்றார்.

கரையில் இறங்கியதும், வள்ளம் எப்போது திரும்புமென்றே முதலில் வினவினேன்.