வெள்ளிப் பட்டறையும் ஒரு வீதியும்

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில், ஆங்கிலேயர் பிட் தெரு என்று பெயரிட்டிருந்ததும் இன்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்று வழங்குவதுமான வீதியில், 1818இல் எழுந்த புனித ஜார்ஜ் தேவாலயமும், சீனர் வழிபடும் குவான் யின் கோயிலும், குயின் தெருவை நோக்கி நிற்கும் மகா மாரியம்மன் ஆலயத்தின் பின்புறமும், 1801இல் காதர் முகைதீன் என்னும் தென்னிந்திய முஸ்லிம் தலைவர் தொடங்கிவைத்த பள்ளிவாசலும் சில நிமிஷ நடைக்குள் அமைந்திருப்பதை யாத்திரிகர் பலரும் வியந்து எழுதியிருக்கிறார்கள். அதே வீதியில் நகைக்கடைகளும் நாணயமாற்றுக் கடைகளும் அடுத்தடுத்து நிற்பதையும் அவர்கள் கண்டிருப்பார்கள். ஆனால் அந்த வழிபாட்டு ஸ்தலங்களுக்கும் தட்டார் பட்டறைக்கும் உள்ள நெருங்கிய சம்பந்தத்தை விசாரித்தவர்கள் குறைவு.

வெள்ளியைப் பொன் வாங்க இயலாதவரின் ஆபரணமாக நினைப்பது நம்மிடையே பரவியுள்ள எண்ணம். இந்த வீதியின் வழக்கங்களோ அதற்கு நேர்மாறானவை. பொன் லக்ஷ்மியின் அம்சமாதலால் இடுப்புக்குக் கீழே அதை அணிதல் அபசாரம் என்று கருதுகிற இந்துப் பெண்கள், செல்வம் எவ்வளவு இருந்தாலும், கொலுசுக்கும் மெட்டிக்கும் வெள்ளியையே நாடுகிறார்கள். ஆண்கள் பொன் அணிவதை இஸ்லாம் விலக்கி, வெள்ளி மோதிரத்தை அனுமதித்திருப்பதால், தொழுகைக்கு வருகிறவர் விரலில் அக்கீக் கல் பதித்த வெள்ளி மோதிரத்தைக் காணலாம். சீன வம்சத்தவராயினும் மலாய் உடையையும் சமையலையும் தமதாக்கிக்கொண்ட நோன்யா மாதர், துக்க காலத்தில் பொன்னையும் வைரத்தையும் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளியில் முத்துப் பதித்த குரோசாங் ஊசிகளால் சட்டையைப் பூட்டிக்கொண்டார்கள். மூன்று சமூகத்தாருக்கும் அவரவர் சம்பிரதாயமே வெள்ளியை விதித்தது. ஆகவே ஒரே பட்டறையில் பல வழக்கங்களுக்கும் வேலை இருந்தது. தந்தையின் தொழிலை மகன் தொடர்வதற்குப் பாசத்தைக் காட்டிலும் பெரிய காரணம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

மூலப்பொருளும் கையருகே இருந்தது. கடல் வாணிபத்தில் புழங்கிய ஸ்பானிய, மெக்ஸிக டாலர்களை உருக்கியே இப்பிரதேசத்துத் தட்டார்கள் நெடுங்காலம் வேலை செய்தார்கள். 1903இல் வந்த, பினாங்கை உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றத்தின் டாலர், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளியும் சுமார் 27 கிராம் எடையும் உடையது. 1907இல் அதன் எடை சுமார் 20 கிராமாகக் குறைந்தது. 1920இல் வெளிவந்த டாலரிலோ பாதிதான் வெள்ளி. பாட்டனார் நம்பி உருக்கிய நாணயத்தைப் பேரன் உரைகல்லில் உரைத்துப் பார்க்காமல் தொட முடியாத நிலை இரண்டு தலைமுறைக்குள் வந்துவிட்டது.

இனி வேலையைப் பார்ப்போம். வெள்ளி 962 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகுகிறது. உருகிய நிலையில் தன் கொள்ளளவைப் போலச் சுமார் இருபது மடங்கு பிராணவாயுவை உள்ளே இழுத்துக்கொண்டு, உறையும்போது அதைக் கக்குவது இந்த உலோகத்தின் ஸ்வபாவம்; அஜாக்கிரதையாக உருக்கினால் பாளம் முழுதும் கொப்புளம் கண்டுவிடும். அதனால்தான் அனுபவமுள்ள பத்தர் மூசையில் கரித்தூளைத் தூவி, வெங்காரம் இட்டு, காற்றுப் படாதபடி மூடுகிறார். பாளத்தைத் தட்டி நீட்டி, துளைகள் வரிசையாய்க் குறுகிச் செல்லும் அச்சில் கம்பியாக இழுக்கும்போது, அது விறைத்து முறியாமலிருக்க அடிக்கடி பழுக்கக் காய்ச்சி ஆற்ற வேண்டும். கம்பியை வளையங்களாக நறுக்கிக் கோத்த பிறகே பற்றவைக்கும் கட்டம். உலோகங்களுள் வெப்பத்தை மிக விரைவாகக் கடத்துவது வெள்ளியாதலால், ஊதுகுழலின் சுடரை இணைப்பில் மட்டும் செலுத்திப் பயனில்லை. பண்டம் முழுவதையும் ஒரே சீராகச் சூடேற்றிய பின்னரே பற்றுப் பொடி இளகி ஓடும், அதற்குமேல் கணப்பொழுது தாமதித்தாலும் கொலுசே உருகிப் போகும். அந்தக் கணத்தை அறிவிப்பது உலோகத்தின் மங்கிய செந்நிறம். பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. பட்டறைகள் அரையிருட்டில் அமைந்ததற்கு ஏழ்மை மாத்திரம் காரணமன்று.

இந்தச் செந்நிறத்தை வார்த்தையால் கற்பிக்க இயலாது. சிறுவனாக வந்து உட்கார்கிறவன், முதலில் அரத்தூளையும் தரைக் குப்பையையும் கூட்டிச் சேர்க்கவும் (அதைக் கழுவி உருக்கினால் கணிசமான வெள்ளி மீளும்), பிறகு புளிநீரில் கொதிக்கவைத்துப் பண்டத்தை வெளுக்கவும், பூந்திக்கொட்டை நுரையிட்டுத் தேய்க்கவும் பழகி, அநேக வருஷங்கள் பக்கத்தில் இருந்து பார்த்த பின்பே ஊதுகுழலைக் கையில் வாங்குகிறான். வீடும் தொழிலும் ஒரே கூரையின்கீழ் இருந்தமையால் இந்தக் கல்வி நிகழ்ந்தது: கீழே, அஞ்சடி எனப்படும் கடைமுக நடைபாதையை ஒட்டிய முன்கட்டில் பட்டறை, மேல்மாடியில் குடும்பம்.

இந்த ஏற்பாடு குலைந்தது சட்டத்தினால். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் ரத்துச் செய்யப்பட்டு, 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பழைய வீடுகளின் வாடகை கட்டவிழ்ந்தபோது, குறைந்த வாடகையில் ஜீவனம் செய்துவந்த கைவினைஞர் பலர் நகரின் மையத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. 2008இல் ஜார்ஜ் டவுன், மலாக்காவுடன் சேர்ந்து, உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் கூரை ஓடுகளையும் ஜன்னல்களையும் மாற்ற அனுமதி கேட்கச் சொல்கிற விதி, முன்கட்டில் உட்கார்ந்திருந்த மனிதர் எங்கே போனார் என்று கேட்பதில்லை. இது எனக்குப் பெருங்குறையாகவே தோன்றுகிறது. யந்திரத்தில் பின்னிய சங்கிலிகளும், இறக்குமதியாகும் கொலுசுகளும் எஞ்சிய வேலையையும் குறைத்துவிட்டன.

ஆனாலும் கைவேலை முற்றிலும் போய்விடவில்லை. பெனாங் தெருவிலுள்ள கோயில் வீட்டிலிருந்து தைப்பூசத்துக்கு முதல்நாள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்படும் நகரத்தார் வெள்ளி ரதம், தமிழகத்திலிருந்து 1894இல் கப்பலேறி வந்தது. அதன் பின்னே காவடியெடுக்கிறவர்களின் அலகு வேலும், குழந்தைகளின் அரைஞாணும் அவரவர் உடம்புக்கும் நேர்த்திக்கும் தக்கபடி அமைய வேண்டியவை. கைவேலைக்கே உரிய இத்தகைய தேவை இன்னும் இருக்கிறது. வாங்க விரும்புகிறவர் கொலுசின் வளையங்களைத் திருப்பிப் பார்க்கட்டும். யந்திர வளையங்கள் எல்லாம் ஒரே அச்சாயிருக்கும். கைவேலையில் ஒவ்வோர் இணைப்பிலும் பற்றுப் பொடி ஓடிய தடம் சிறிது வேறுபட்டிருக்கும். பழைய கொலுசையே அழித்துப் புதிதாகச் செய்து தரக் கேட்பவர்களுக்கு எடையைக் கண்முன்னே நிறுத்துக் காட்டி, சேதாரத்தையும் கூலியையும் முதலிலேயே சொல்லிவிடுகிற பத்தரிடம் தாராளமாக வேலையைக் கொடுக்கலாம்.