சினமும் நீதியும்: வித்தியா கொலையும் நமது சமூகத்தின் எதிர்வினைகளும்

2015ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி காலை, புங்குடுதீவு மகா வித்தியாலயத்தின் உயர்தர வகுப்பு மாணவியான பதினெட்டு வயது வித்தியா பாடசாலைக்கெனப் புறப்பட்டார். பின்னர் வீடு திரும்பவில்லை. மறுநாட் காலை, ஆளற்ற வளவொன்றின் அருகே அவரது உடல் கண்டெடுக்கப்பட்டது. கூட்டு வன்புணர்வுக்கு உட்படுத்தப்பட்டு அவர் கொல்லப்பட்டிருந்தார். அடுத்து வந்த ஒரு கிழமைக்குள் வடபகுதி எங்கும் மாணவரும் ஆசிரியரும் பெண்கள் அமைப்பினரும் வீதிக்கு வந்தனர். மே 20ஆம் திகதி கடைகள் அடைக்கப்பட்டன. அன்று யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத்தொகுதி கல்லெறிக்கு உள்ளாயிற்று. பொலிசார் கண்ணீர்ப்புகை வீசினர். நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாயினர். அம்மாத இறுதியில் நாட்டின் சனாதிபதியே யாழ்ப்பாணம் வந்து, விரைந்த விசாரணைக்கு வாக்குறுதி அளிக்க வேண்டியதாயிற்று.

கொலையை ஆராய்வது நீதிமன்றத்தின் பணி. அக்கொலையை நமது சமூகம் எவ்வாறு எதிர்கொண்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அந்நாட்களில் நெல்லியடிச் சந்தியின் தேநீர்க்கடைகளிலும் பேருந்துத் தரிப்பிடத்திலும் நாம் செவிமடுத்த உரையாடல்கள் இவ்வாய்வுக்கு நம்மைத் தூண்டின. புங்குடுதீவுக்கும் வடமராட்சிக்கும் இடையே குடாநாட்டின் முழு அகலமும் கிடக்கின்றது. ஆயினும் இங்கு பேசப்பட்டவையும் அங்கு பேசப்பட்டவையும் வேறுபட்டிருக்கவில்லை. ஆதலின் இவற்றை ஓர் ஊரின் கருத்தாகவன்றி ஒரு சமூகத்தின் மனப்பாங்காகவே கொள்ளல் வேண்டும்.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்குவோம். அந்தச் சினம் நியாயமானது. அதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1996 செப்டெம்பர் 7ஆம் திகதி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிரிசாந்தி குமாரசுவாமி கைதடிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். அவரைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் அவருடன் சேர்த்துக் கொல்லப்பட்டுச் செம்மணியில் புதைக்கப்பட்டனர். அவ்வழக்கில் 1998இல் படையினர் தண்டிக்கப்பட்டமை விதிவிலக்கேயன்றி விதியன்று. தண்டனை பெற்றவருள் ஒருவர் அன்றே சுட்டிக்காட்டிய செம்மணி மண்ணிலிருந்து, 2025ஆம் ஆண்டின் அகழ்வில் இருநூறுக்கு மேற்பட்ட மனித எலும்புக்கூட்டுத் தொகுதிகள் வெளிப்பட்டன. கொன்றவன் தப்பிவிடுவான் என்பதை அனுபவத்தால் கற்ற சமூகம் நம்முடையது. 2009இற்குப் பின் ஒன்றுகூடவே அஞ்சியிருந்த மக்கள், 2015 சனவரி ஆட்சிமாற்றத்தின் பின் சற்றே மூச்சுவிடத் தொடங்கிய வேளையில் வித்தியாவின் கொலை நிகழ்ந்தது. அடக்கிவைக்கப்பட்டிருந்த பழைய துயரங்களும் இப்புதிய துயரத்தின் வழியே வெளிப்பட்டன. இதனை உணராது, நீதிமன்றத் தாக்குதலைப் பயங்கரவாதத்தின் மீளெழுச்சியாகக் காட்ட முனைந்த தென்னிலங்கை அரசியல்வாதிகள் சிலர் தம் அறியாமையை அல்லது உள்நோக்கத்தையே வெளிப்படுத்தினர்.

எனினும் சினம் நியாயமானது என்பதனால் அது சென்ற வழிகள் யாவும் நியாயமாகிவிடா. அவ்வழிகளை மூன்றாக வகுத்து நோக்கலாம்.

முதலாவது, கொல்லப்பட்ட பெண்ணைப் பற்றிய சித்திரம். சுவரொட்டிகளிலும் பதாகைகளிலும் வெள்ளைச் சீருடையும் கழுத்துப்பட்டியும் அணிந்த மாணவியின் உருவமே எங்கும் காட்சியளித்தது. ‘படிப்பும் வீடுமாக இருந்த பிள்ளை’, ‘ஒரு சோலிக்கும் போகாத பிள்ளை’ என்ற தொடர்களை நாம் பலமுறை கேட்டோம். இவை அன்பினால் எழுந்த சொற்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின் அவற்றினுள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கின்றது. நற்சான்றிதழ் பெற்ற பெண்ணுக்கே நமது துயரம் உரியது என்பதே அந்நிபந்தனையாகும்.

இதனை மற்றொரு செய்தியுடன் சேர்த்து நோக்கினால் பொருள் தெளிவாகும். மகளைக் காணவில்லை என்று முறையிடச் சென்ற குடும்பத்தாரிடம், ‘யாருடனாவது போயிருப்பாள், திரும்பி வருவாள்’ என்ற பாங்கில் பொலிசார் பதிலளித்தனர் எனத் தாயார் கூறியமையைப் பத்திரிகைகள் பரவலாக வெளியிட்டன. அது கேட்டு நாம் கொதித்தெழுந்தோம். ஆனால் அப்பதிலும் நமது புகழுரையும் ஒரே எண்ணத்தின் இரு முகங்கள் அல்லவா? முன்னது, நடத்தையில் ஐயமுள்ள பெண்ணைத் தேடவேண்டியதில்லை என்கிறது. பின்னது, நடத்தையில் ஐயமற்ற பெண்ணாதலால் அழவேண்டும் என்கிறது. இரண்டிலும் பெண்ணின் உயிருக்கு அவளது நடத்தையே விலையாகின்றது. அவர் உண்மையாகவே ஒருவரை விரும்பி அவருடன் சென்றிருந்தால், அன்றிரவு தேடப்படும் உரிமையை இழந்திருப்பாரா? இவ்வினாவைப் பொலிசாரிடம் எழுப்பிய நாம், நம்மிடம் எழுப்பவில்லை.

இதன் விளைவை அன்றாட வாழ்விற் காணலாம். கணவனால் வெட்டப்பட்ட மனைவிக்காகவோ, சீதனக் கொடுமையால் மாய்ந்த இளம்பெண்ணுக்காகவோ நாம் அறியக் கடையடைப்பு நடந்ததில்லை. ‘குடும்பப் பிரச்சினை’ என்ற இரண்டு சொற்களுள் அவை அடங்கிவிடுகின்றன. வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அதன்கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கோரலாம் என்பதை அறிந்த பெண்கள் நமது கிராமங்களில் எத்தனை பேர்?

இரண்டாவது, குற்றஞ்சாட்டப்பட்டோரைப் பற்றிய சித்திரம். கைதானோருள் பெரும்பாலோர் அதே தீவைச் சேர்ந்தவர்கள். ஊரவர் பெயர் சொல்லி அழைக்கத்தக்கவர்கள். ஆனால் மக்கள் மனத்தில் வழக்கின் முகமாக நிலைத்தவர், சுவிற்சர்லாந்தில் வாழ்ந்து ஊர் வந்திருந்த ஒருவரே. அந்நாட்டின் பெயரையே முன்னொட்டாகக் கொண்ட பட்டப்பெயரால்தான் அவரை ஊரும் பத்திரிகைகளும் குறித்தன. ‘வெளிநாட்டுக் காசு’, ‘போதை’, ‘சினிமா’, ‘கைத்தொலைபேசி’ என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. இவற்றுள் ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் இவையனைத்துக்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு: தீமை வெளியிலிருந்து வந்தது என்பதே அது. குற்றவாளியை அரக்கனாக்கும்போது, அவன் பிறந்து வளர்ந்த வீடும் ஒழுங்கையும் விசாரணையிலிருந்து விலக்கப்படுகின்றன. பாடசாலைக்குச் செல்லும் பெண்களை வழிமறித்துக் கேலி செய்வதை இளந்தாரிக் குறும்பென்று பொறுத்துக்கொள்ளும் ஊர், அப்பொறுமை எங்குக் கொண்டுபோய்விடும் என்பதை நினைப்பதில்லை.

புறச்சூழலும் இவ்வாறே மறைக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதியைப் படையினர் கைப்பற்றியபோது அங்கிருந்த மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பலர் திரும்பவேயில்லை. இதனால் புங்குடுதீவின் வீடுகள் பல கூரையிழந்து, வளவுகள் பற்றைக்காடாயின. மாணவிகள் நாளாந்தம் தனியே கடக்கவேண்டிய பாதைகள் அவ்வளவுகளின் ஊடாகவே செல்கின்றன. போரும் புலப்பெயர்வும் உருவாக்கிய இவ்வெறுமையைச் சீர்செய்வது அரசினதும் உள்ளூராட்சி மன்றத்தினதும் காணி உரிமையாளரினதும் பொறுப்பாகும். அரக்கனைத் தேடிய கண்களுக்குப் பற்றைக்காடு தென்படவில்லை.

மூன்றாவது, நீதி விசாரணை பற்றிய நமது மனப்பாங்கு. ‘எங்களிடம் தாருங்கள்’ என்ற குரல் அந்நாட்களில் ஓங்கி ஒலித்தது. சந்தேகநபர்களுக்காகத் தோன்றுவதில்லை என யாழ்ப்பாணச் சட்டத்தரணிகள் அறிவித்தபோது அது பெரிதும் போற்றப்பட்டது. இவ்வுணர்வை விளங்கிக்கொள்ளலாம். ஆனால் எதிரிக்காக வாதிட ஒருவருமில்லாத மன்றில் எவரது குற்றமும் ஐயமற நிறுவப்படுவதில்லை. அவ்வாறு பெறப்படும் தண்டனை மேன்முறையீட்டில் நிலைப்பதும் அரிது.

இந்நாட்டிலும் அயலிலும் அடுத்தடுத்து நிகழ்ந்த இரு வழக்குகள் இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கவை. 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவவில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். தூக்குத்தண்டனையை மீண்டும் கொண்டுவருமாறு நாடு முழுவதும் குரலெழுந்தது. பதினேழு வயது மாணவன் ஒருவனும் ஒரு குடும்பத் தலைவரும் கைதாகினர். மரபணுச் சோதனை அவ்விருவரையும் விடுவித்தது. பின்னர் வேறொருவர் தாமே குற்றவாளி என ஒப்புக்கொண்டார். சோதனை அதனையும் பொய்யாக்கி, அவரது சகோதரரையே சுட்டியது. 2016இல் அச்சகோதரர் தண்டிக்கப்பட்டார். மக்கள் கையில் முடிவு விடப்பட்டிருப்பின் எத்தனை கயிறுகள் தேவைப்பட்டிருக்கும்?

மற்றையது தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. 2016 யூன் 24ஆம் திகதி காலை, சென்னை நுங்கம்பாக்கம் புகையிரத நிலைய மேடையில் சுவாதி என்ற இளம் பொறியியலாளர் பலர் பார்த்திருக்க வெட்டிக் கொல்லப்பட்டார். இரண்டு மணிநேரமளவு உடல் அங்கேயே கிடந்தமையைச் சென்னை உயர்நீதிமன்றம் கண்டித்தது. கொலையாளி இன்னாரென அறியப்படுமுன்பே சிலர் மதத்தின் பெயரால் ஊகங்களைப் பரப்பினர். இராம்குமார் என்ற இளைஞர் கைதானபின் கொல்லப்பட்டவரின் சாதியும் கைதானவரின் சாதியும் விவாதப் பொருளாயின. சுவாதி யாருடன் பழகினார் என்ற ஆராய்ச்சியும் தொடங்கிற்று. செப்டெம்பர் 18ஆம் திகதி இராம்குமார் புழல் சிறையில் மின்சாரம் தாக்கி இறந்தார் என அறிவிக்கப்பட்டது. வழக்கு விசாரிக்கப்படாமலேயே முடிந்தது. கொல்லப்பட்டவருக்கும் நீதியில்லை, குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் நீதியில்லை. எஞ்சியவை இரு தரப்பாரின் நம்பிக்கைகள் மட்டுமே.

ஈண்டு நமது மரபையும் நினைவுகூரலாம். பெண்ணின் அறச்சீற்றத்துக்கு நாம் காட்டும் பேருதாரணம் கண்ணகி. புங்குடுதீவிலும் கண்ணகை அம்மன் கோயில் உண்டு. ஆனால் கண்ணகியின் வழக்கு யாது? ஒருவன் சொல்லை நம்பி, ஆராயாது, குற்றஞ்சாட்டப்பட்டவனை அரசன் கொன்றான் என்பதே அவளது வழக்கு. அவள் மன்றேறிச் சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். நகர் எரிந்தது அதன் பின்னரேயாகும். நாமோ எரியூட்டலை நினைவில் வைத்துக்கொண்டு சிலம்பை மறந்துவிட்டோம்.

வித்தியா வழக்கு முறையான முடிவை எய்தியது. மூன்று மேல் நீதிமன்ற நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் 2017 யூன் முதல் யாழ்ப்பாணத்தில் விசாரித்து, செப்டெம்பர் 27ஆம் திகதி தீர்ப்பளித்தது. எதிரிகள் ஒன்பதின்மருள் எழுவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 1976இற்குப் பின் இலங்கையில் அத்தண்டனை நிறைவேற்றப்படவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. ஏனைய இருவர் குற்றமற்றவர்களெனக் கண்டு விடுவிக்கப்பட்டனர். 2015 மே மாதத்துச் சினம் அந்த இருவரையும் ஏனையோரிடமிருந்து பிரித்தறிந்திருக்குமா? அவ்விருவரையும் வேறுபடுத்திக் காட்டியது சான்றுகளை நிறுத்துப் பார்த்த பொறுமையே.

மறுபுறத்தையும் கூறாதுவிடின் நமது ஆய்வு குறையுடையதாகும். மக்கள் திரண்டிராவிடின் அவ்விசாரணையே இத்துணை விரைவில் நடந்திராது. ஊரவர் பிடித்துவைத்த ஒருவர் எவ்வாறோ கொழும்பு சென்றடைந்தார். அங்குதான் மீண்டும் கைதானார். அவர் தப்ப உதவியதாக 2017 யூலையில் உயர் பொலிஸ் அதிகாரி ஒருவரே கைதாகினார். எனவே, ‘செல்வாக்குள்ளோர் தப்பிவிடுவர்’ என்ற மக்களின் ஐயம் வெறும் வதந்தியன்று. சினத்தைக் கைவிடவேண்டும் என்பதன்று நமது முடிவு. அதற்குத் திட்டவட்டமான கோரிக்கை வேண்டும் என்பதே.

இதற்கு முன்னுதாரணம் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. 1957இலேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆயினும் நெல்லியடித் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வேறு குவளை வைக்கும் வழக்கம் சட்டத்தால் மட்டும் ஒழியவில்லை. அறுபதுகளில் அம்மக்களும் அவர்களுடன் நின்ற முற்போக்காளரும் திரண்டு போராடியே அதனை முறியடித்தனர். அவர்களது சினமும் பெரிது; அவர்கள் பட்ட காயங்களும் பெரிது. ஆனால் அவர்கள் கேட்டது இன்னதென எவருக்கும் விளங்கிற்று: எல்லோருக்கும் ஒரே குவளை, ஒரே இருக்கை. அதனாற்றான் அச்சினம் அடங்கிய பின்னும் அதன் பயன் நின்றது.

2015இல் எழுந்த சினத்துக்கு அத்தகைய கோரிக்கைகள் இல்லாமற் போகவில்லை. அவை கூச்சலில் அமிழ்ந்தன. பெண்ணைக் காணவில்லை என்னும் முறைப்பாடு எந்நேரத்திலும், தமிழில், எதிர்க்கேள்வியின்றிப் பதியப்படவேண்டும். பதிய மறுக்கும் அலுவலர் பதில்கூற வேண்டும். ஆளற்ற வளவுகள் துப்புரவாக்கப்பட வேண்டும். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கவென 2015 தொடக்கத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2023இல் அதனிடத்தில் புதிய சட்டம் வந்துள்ளது. அது ஏட்டளவில் நில்லாது ஊர்களுக்கு எடுத்துச் செல்லப்பட வேண்டும். பாடசாலைகளில் ஆண்பிள்ளைகளுடன் இவ்விடயங்கள் பேசப்பட வேண்டும். பெண்கள் அமைப்புகள் இவற்றைத் தொடர்ந்து வலியுறுத்தி வருகின்றன. அவற்றின் கூட்டங்களுக்குச் செல்வோர் தொகையையும் 2015 மே 20இல் வீதியில் நின்றோர் தொகையையும் ஒப்பிட்டால் நமது குறை விளங்கும்.

இன்னொரு மாலையில் இன்னொரு தாய், மகளைக் காணவில்லை என்று பொலிஸ் நிலையப் படியேறுவார். அவரிடம் முதலிற் கேட்கப்படுவது மகளின் நடத்தையா, அல்லது அவள் கடைசியாகக் காணப்பட்ட இடமா? நமது எதிர்வினைகளாற் பயன் விளைந்ததா என்பதை அவ்வொரு கேள்வியைக் கொண்டே அளவிடுதல் வேண்டும்.