சட்டைப் பூ வாடாமல் இருக்க...

பள்ளிப் பரிசளிப்பு விழாவில் சிறப்பு விருந்தினர்களின் சட்டையில் ஒரு சிறு பூவைக் குத்திவிடுவார்கள், பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சு மொழியில் அதற்கு ‘புட்டோனியர்’ என்று பெயர். ‘பொத்தான் துளை’ என்று பொருள். கோட்டின் பொத்தான் துளையில் பூவைச் செருகிய வழக்கத்தால் வந்த பெயர் இது.

சில ஆண்டுகளுக்கு முன், கடையில் வாங்காமல் நாமே செய்யலாம் என்று மாணவர்களோடு இறங்கினேன். புக்கிட் தெங்காவில் வேலியோரச் செம்பருத்திக்குப் பஞ்சமில்லை. “தேசிய மலராச்சே டீச்சர், அதையே குத்தலாம்” என்றார்கள். 1960-இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட பூவை வேண்டாமென்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. முதல் நாள் மதியமே பன்னிரண்டு பூக்களைக் கட்டிப் பெட்டியில் வைத்தோம். விழாவன்று காலை திறந்து பார்த்தால், பன்னிரண்டும் நனைந்த காகிதம்போல் சுருண்டு கிடந்தன! தண்ணீரில் வைத்திருந்தாலும் அதே கதிதான். செம்பருத்திப் பூவின் ஆயுளே ஏறக்குறைய ஒரு நாள். அறிவியல் ஆசிரியை நான் அதை யோசித்திருக்க வேண்டும்.

அவசரத்துக்கு ஒரு மாணவி தன் வீட்டு வாசலிலிருந்து டெண்ட்ரோபியம் ஆர்க்கிட்டைப் பறித்து வந்தாள். மிஞ்சிய ஒரு பூ மறுநாளும் என் மேசையில் வாடாமல் இருந்தது.

டெண்ட்ரோபியம் காட்டில் பெரும்பாலும் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளர்வது. வேருக்கு மண் இல்லை, மழையை நம்பித்தான் வாழ்க்கை. அதன் பூவிதழ் தடித்து, மெழுகு பூசியதுபோல இருப்பதால் நீர் எளிதில் ஆவியாகாது. தனக்கேற்ற பூச்சி வரும்வரை செடியில் வாரக்கணக்கில்கூடக் காத்திருக்கும். மகரந்தச் சேர்க்கை நடந்துவிட்டாலோ விரைவில் வாடிவிடும். வாடும்படி தூண்டுவது, பூவிலேயே உண்டாகும் எத்திலீன் என்ற வாயு. பழுத்த வாழைப்பழமும் மாம்பழமும் இதே வாயுவைத்தான் வெளிவிடுகின்றன. பழத்துக்குப் பக்கத்தில் வைத்த பூ, பூச்சியே வராமல் ஏமாந்து வாடும். மூடிய இரண்டு டப்பாக்களில் ஒவ்வொரு பூவை வைத்து, ஒன்றில் மட்டும் பழுத்த வாழைப்பழத்தையும் போட்டுப் பாருங்கள்.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா? ரோஜாவென்றால் வைக்கலாம், உள்ளே பழம் இல்லாவிட்டால். வெப்பமண்டல ஆர்க்கிட்டுக்கு அந்தக் குளிர் ஆகாது.

இனி செய்முறை. முதல் நாள் மாலை, பூங்கொத்தின் தண்டைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியபடியே சாய்வாக வெட்டுங்கள். தண்டின் நுண்குழாய்களில் நீர் இழுபட்டபடிதான் மேலேறுகிறது. வெளியில் வெட்டினால் அந்த இழுப்பில் காற்று புகுந்து குழாயை அடைத்துக்கொள்ளும். இரவு முழுவதும் நிழலில், தண்ணீரில் நிற்கட்டும். காலையில் ஒரு பூவைக் காம்போடு வெட்டி, முனையில் ஈரப் பஞ்சு சுற்றுங்கள். பின்னால் ஒரு பாண்டான் இலைத் துண்டு வைக்கலாம். மெல்லிய இலைகள் பூவுக்கு முன்பே தொங்கிவிடும். இதன்மேல் பூக்கடைக்காரர்கள் பயன்படுத்தும் பச்சை டேப்பை நன்றாக இழுத்துச் சுற்றுங்கள். மெழுகேற்றிய காகிதம் அது, இழுத்தால்தான் ஒட்டும்.

இடப்பக்க மார்பில், துணியின் பின்புறமிருந்து ஊசியைக் குத்துங்கள். பாத்தேக் சட்டையில் ஓட்டை விழுமென்று சிலர் காந்தம் வைக்கிறார்கள். அப்படியானால் விருந்தினரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்: பேஸ்மேக்கர் பொருத்தியவரின் நெஞ்சருகே காந்தம் கூடாது. அவருக்கு ஊசிதான்.