மறுபடைப்பும் மாற்றியமைத்தலும்

பழைய திரைப்படமொன்றைப் புதிதாகப் படைப்பதற்கும் அப்படத்தையே திருத்தி வெளியிடுவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை நாம் உணர்ந்துகொள்ளுதல் அவசியமாகும்.

கணிகையொருத்தியின் பழிவாங்கலைக் கூறி 1972 இல் தாம் எடுத்த சரித்திரப் படத்தை ஹொங்கொங் இயக்குநர் சோர் யுவன், 1984 இல் தாமே மீண்டும் படைத்தார். தமிழில் அம்பிகாபதி கதையும் இருமுறை புகழ்பெற்ற படமானது. சிற்றின்பம் கலவாது நூறு பாடல்கள் பாட வேண்டிய கம்பரின் மகன், காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்ட சோழ இளவரசி அமராவதியின் அவசரத்தால் தொண்ணூற்றொன்பதில் தோற்று, உயிரிழக்கும் கதை அது. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் 1937 இல் தியாகராஜ பாகவதரைக் கொண்டு, ரோமியோ ஜூலியட்டின் சாயலோடு அதனை எடுத்தார். 1957 இல் ப. நீலகண்டன், சிவாஜி கணேசனையும் பானுமதியையும் கொண்டு மீண்டும் எடுத்தார். புதியது வந்ததனால் பழையது சிதைக்கப்படவில்லை.

2025 ஓகஸ்டில் நிகழ்ந்தது வேறு. தனுஷ் நடித்த 'ராஞ்சனா' (2013) என்ற ஹிந்திப் படத்தின் தமிழ் வடிவத்திற்கும் 'அம்பிகாபதி' என்றே பெயர். நாயகன் இறக்கும் அதன் முடிவைச் செயற்கை நுண்ணறிவினால் மாற்றி, அவன் பிழைத்தெழுவதாக உரிமை நிறுவனம் திரையிட்டது. இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் கண்டித்தனர்.

உரிமைப் பத்திரம் படத்தை விற்கும் அதிகாரத்தைத் தரலாம். படைத்தவரின் பெயரால் அவர் சொல்லாததைச் சொல்லும் தார்மீக உரிமையை அது தரமாட்டாது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நுழைவுச்சீட்டு வாங்கும் எமது வாசகருக்கு, தாம் காணும் முடிவு எவருடையது என்பது முன்கூட்டியே தெளிவாக அறிவிக்கப்படல் வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.