விளையாட்டரங்கில் சிந்திய இரத்தம்: யார் பொறுப்பு?



உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிகள் நடைபெறும் நாள்களில் நம்மில் பலருடைய வீடுகளில் நள்ளிரவு தாண்டியும் தொலைக்காட்சி அணைவதில்லை. குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் கொடி கட்டி, ஒரே தெருவே இரண்டு அணியாகப் பிரிந்து நிற்பதுண்டு. இந்த மகிழ்ச்சியைக் குறை கூறுவது நம் நோக்கமல்ல. மறைந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவர்களே இளமையில் கோல் காப்பாளராக விளையாடியவர்தானே! ஆனால் இதே ஆட்டத்தைப் பார்க்கச் சென்ற பலர் உயிரோடு வீடு திரும்பவில்லை என்பதையும் நாம் மறந்துவிட முடியாது. அந்த உயிர்களுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியைச் சற்றுப் பொறுமையாகச் சிந்தித்துப் பார்ப்போம்.

1985ஆம் ஆண்டு மே 29. பெல்ஜியத் தலைநகர் பிரசல்சில் உள்ள ஹெய்சல் அரங்கு. ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் லிவர்பூல் அணியும் இத்தாலியின் யுவென்டஸ் அணியும் மோதவிருந்தன. ஆட்டம் தொடங்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருக்கும்போது, லிவர்பூல் இரசிகர்களில் ஒரு பகுதியினர் தடுப்பு வேலியைச் சாய்த்துக்கொண்டு பக்கத்துப் பகுதிக்குள் பாய்ந்தார்கள். அங்கே நின்றவர்களில் பெரும்பாலோர் இத்தாலியர்கள். குடும்பத்தோடு வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அஞ்சிப் பின்வாங்கியவர்கள் ஓரச் சுவரோடு நசுங்கினார்கள். பின்னர் அந்தச் சுவரும் இடிந்து விழுந்தது. 39 பேர் இறந்தனர். அவர்களில் 32 பேர் இத்தாலியர். பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனும் அவனுடைய தந்தையும் ஒன்றாக இறந்தார்கள். சுமார் 600 பேர் காயமடைந்தார்கள்.

ஆட்டத்தை நிறுத்தினால் இன்னும் பெரிய கலவரம் வெடிக்கும் என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். எனவே ஆட்டம் நடத்தப்பட்டது. யுவென்டஸ் ஒரு பெனால்டி கோலில் வென்றது. வெற்றி பெற்றவர்கள் கோப்பையை உயர்த்திய நேரத்தில் அரங்கின் வெளியே உடல்கள் கிடத்தப்பட்டிருந்தன. இதைப் படிக்கும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது.

இப்படிப்பட்ட நேரங்களில் நம் வாயில் வரும் சொற்களைக் கவனித்திருக்கிறோமா? "கலவரம் நடந்துவிட்டது" என்கிறோம். "கூட்டம் கட்டுக்கடங்காமல் போய்விட்டது" என்கிறோம். நாம் சொல்லும் வாக்கியத்திலேயே ஆள் இல்லை! கலவரம் தானாக நடக்கிறது. கூட்டம் தானாகப் போகிறது. வேலியைச் சாய்த்த கை யாருடையது என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது. ஆனால் விவிலியம் இந்தச் சாக்கை ஏற்பதில்லை. கும்பலைப் பின்பற்றித் தீமை செய்யாதே என்று விடுதலைப் பயண நூல் (23:2) ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துக் கட்டளையிடுகிறது. எருசலேமில் இயேசுவைச் சிலுவையில் அறையும்படி கூக்குரலிட்ட கூட்டத்தில் நின்ற ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒரு பெயர் இருந்திருக்கும்.

ஹெய்சலில் பாய்ந்தவர்களுக்கும் ஒரு காரணம் இருந்தது. முந்தைய ஆண்டு உரோமையில் நடந்த இறுதி ஆட்டத்துக்குப் பின் லிவர்பூல் இரசிகர்கள் தாக்கப்பட்டிருந்தார்கள். சிலர் கத்தியால் குத்தப்பட்டார்கள். அந்தக் கோபம் ஓராண்டாகக் கனன்றுகொண்டிருந்தது. ஆனால் உரோமையில் குத்தியவர்கள் வேறு. பிரசல்சில் இறந்தவர்கள் வேறு. இறந்தவர்கள் உரோமை அணியின் இரசிகர்கள்கூட அல்ல. இத்தாலியர் என்பது மட்டுமே அவர்கள் செய்த 'குற்றம்'. பழிக்குப் பழி என்று கிளம்புகிறவர்களுக்கு எதிரே நிற்பவரின் முகம் தெரிவதில்லை. 1998 உலகக் கோப்பையின்போது பிரான்சின் லான்ஸ் நகரில் ஜெர்மானிய முரடர்கள் சிலர் பணியில் இருந்த காவலர் ஒருவரை அடித்து வீழ்த்தினார்கள். வாரக்கணக்கில் நினைவின்றிக் கிடந்த அவர் வாழ்நாள் முழுவதும் ஊனத்தோடு வாழ வேண்டியதாயிற்று. அவர் எந்த அணியின் இரசிகராகவும் அங்கே நிற்கவில்லை. தம் வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

எனவே அடித்தவர்களும் பாய்ந்தவர்களும் பொறுப்பாளிகள். இதில் சந்தேகம் வேண்டாம். ஹெய்சல் வழக்கில் 1989ஆம் ஆண்டு பெல்ஜிய நீதிமன்றம் 14 லிவர்பூல் இரசிகர்களுக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அதில் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட்டது. இங்கிலாந்துச் சங்கங்கள் ஐந்து ஆண்டுகளும் லிவர்பூல் ஆறு ஆண்டுகளும் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கி வைக்கப்பட்டன.

பலர் இத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் அதே நீதிமன்றம் இன்னும் இருவரைக் குற்றவாளிகள் என்று கண்டது. ஒருவர் காவல் அதிகாரி. மற்றவர் பெல்ஜியக் கால்பந்துச் சங்கத்தின் செயலராக இருந்தவர். அவர்கள் யாரையும் அடிக்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டார்கள். ஹெய்சல் பல பத்தாண்டுகள் பழமையான, பராமரிப்பற்ற அரங்கு. பெயர்ந்து கிடந்த கற்களையே இரசிகர்கள் எடுத்து வீசும் அளவுக்கு அது சிதைந்திருந்தது. இரு நாட்டு இரசிகர்களையும் பிரித்தது ஒரு மெல்லிய கம்பி வலை. நடுநிலைப் பகுதி என்று பெல்ஜிய மக்களுக்கு விற்கப்பட்ட நுழைவுச்சீட்டுகள் கைமாறிக் கைமாறி இத்தாலியர்களிடம் போய்ச் சேர்ந்தன. அங்கே நின்ற காவலர்களோ மிகச் சிலர். இந்த அரங்கைப் பற்றி லிவர்பூல் நிர்வாகம் முன்னரே கவலை தெரிவித்திருந்தது.

புதிய வீடு கட்டுகிறவன் தன் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும். இல்லையேல் அங்கிருந்து ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று இணைச்சட்ட நூல் (22:8) கூறுகிறது. விழுந்தவன் கவனமின்றி நடந்தானா, குடித்திருந்தானா என்றெல்லாம் அந்தச் சட்டம் கேட்கவில்லை. கூரைக்குமேல் ஆள்கள் வருவார்கள் என்று தெரிந்தும் சுவர் எழுப்பாமல் விட்டவனைத்தான் கேட்கிறது. திருப்பலியின் தொடக்கத்தில் நாம் நம் பாவங்களை அறிக்கையிடும்போது, கடமையில் தவறியதையும் சேர்த்துத்தானே சொல்கிறோம்? மற்றவற்றுக்கு மார்பில் தட்டிக்கொள்ளும் நாம், அந்த ஒரு சொல்லை மட்டும் வேகமாகக் கடந்துவிடுகிறோமோ என்னவோ. பங்குத் திருவிழாவையொட்டிக் கால்பந்துப் போட்டி நடத்தும் நம் இளைஞர் குழுக்களும் இதை நினைத்துப் பார்ப்பது நல்லது. கம்பு கட்டி எழுப்பிய கேலரி எத்தனை பேரைத் தாங்கும் என்று யார் பார்த்தது?

இனி மற்றொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அது பன்னாட்டு ஆட்டம் அல்ல. ஆனால் ஹெய்சலின் நிழல் அதன்மேல் விழுந்திருந்தது. 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூல் அணியின் ஆட்டம். வெளியே நெரிசல் கூடியதால் காவல்துறையினர் ஒரு பெரிய வெளிவாயிலைத் திறந்துவிட்டார்கள். உள்ளே வந்த மக்கள் ஒரு சுரங்கப்பாதை வழியாக, ஏற்கெனவே நிரம்பி வழிந்த அடைப்புகளுக்குள் தள்ளப்பட்டார்கள். முன்னால் உயர்ந்த இரும்பு வேலி. முரட்டு இரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்காமல் இருக்க அமைக்கப்பட்ட வேலி அது. அந்த வேலியோடு நசுங்கியும் மூச்சுத் திணறியும் இறந்தவர்கள், பின்னாளில் இறந்தவர்களையும் சேர்த்து, 97 பேர். மறுநாள் லிவர்பூல் பேராலயத்தில் பேராயர் டெரெக் வொர்லாக் நிறைவேற்றிய இரங்கல் திருப்பலியில் ஆயிரக்கணக்கானோர் கண்ணீரோடு கூடினார்கள்.

அந்தக் கண்ணீர் காயும் முன்பே, இரசிகர்கள்தான் வாயிலை உடைத்தார்கள் என்ற பொய் பரவியது. காவல் பொறுப்பில் இருந்த அதிகாரியே அப்படிச் சொன்னார். குடித்துவிட்டு வந்தார்கள், இறந்தவர்களிடமே திருடினார்கள் என்று ஒரு நாளிதழ் முதல் பக்கத்தில் எழுதியது. மக்களும் நம்பினார்கள். ஏன் நம்பினார்கள்? நான்கு ஆண்டுகளுக்கு முன் ஹெய்சலில் பாய்ந்தவர்கள் இதே ஊர்க்காரர்கள் அல்லவா! ஒரு சிலர் செய்த பாவம் ஒரு நகரம் முழுவதன் நெற்றியிலும் எழுதப்பட்டிருந்தது. இறந்த பிள்ளைகளின் தாய்மார்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 2012இல் லிவர்பூல் ஆங்கிலிக்கன் ஆயர் ஜேம்ஸ் ஜோன்ஸ் தலைமையிலான குழு உண்மையை வெளிக்கொணர்ந்தது. 2016இல் நடுவர் குழு, இறந்தவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டவர்கள் என்றும் இரசிகர்கள்மீது பழியில்லை என்றும் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் அந்த மரணங்களுக்காக ஒரு காவல் அதிகாரியும் சிறைக்குச் செல்லவில்லை.

இதிலிருந்து உலகம் கற்றுக்கொண்டதா? 2022 மே 28 அன்று பாரிஸ் அருகே லிவர்பூலும் ரியல் மாட்ரிட்டும் மோதிய இறுதி ஆட்டத்தில், சீட்டோடு வரிசையில் நின்றவர்கள்மீதே கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. போலிச் சீட்டுகளோடு பெருங்கூட்டம் வந்ததே காரணம் என்று பிரெஞ்சு அமைச்சர்கள் உடனே அறிவித்தார்கள். பிரெஞ்சு செனட் சபையின் விசாரணை அதை ஏற்கவில்லை. ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியமான யூஃபா தானே அமைத்த தனிக் குழுவும், முதன்மைப் பொறுப்பு யூஃபாவுடையதே என்று 2023இல் அறிக்கை தந்தது. தன்னைக் குற்றஞ்சாட்டும் அறிக்கையை யூஃபா வெளியிட்டதைப் பாராட்டத்தான் வேண்டும்.

கண்ணீர்ப்புகை என்றதும் வேறு இரு நிகழ்வுகள் நினைவுக்கு வருகின்றன. 1964 மே 24 அன்று பெருநாட்டின் லிமா நகரில், பெருவும் அர்ஜென்டினாவும் ஆடிய ஒலிம்பிக் தகுதி ஆட்டம். பெரு அடித்த கோலை நடுவர் மறுத்தார். இரசிகர் இருவர் மைதானத்துக்குள் ஓடினார்கள். இருவர்தான்! கூட்டம் கொதித்தது, காவலர்கள் மாடங்களை நோக்கிப் புகைக்குண்டுகளை வீசினார்கள். படிகளில் இறங்கி ஓடியவர்களுக்குக் கீழே மூடிய இரும்புக் கதவுகள் காத்திருந்தன. இறந்தவர்கள் 328 பேர் என்பது அரசுக் கணக்கு. 58 ஆண்டுகளுக்குப் பின், 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் மாலாங் நகரில், உள்நாட்டுச் சங்கங்கள் ஆடிய ஆட்டத்தில், ஏறக்குறைய அதே காட்சி. மைதானத்தில் இறங்கிய இரசிகர்கள், புகைக்குண்டுகள், நெருக்கமான வாயில்கள், 135 பிணங்கள். அரங்குக்குள் இந்தப் புகை கூடாது என்பது ஃபிஃபாவின் விதி. மறுநாள் மூவேளைச் செப உரையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களுக்காக வேண்டினார். மைதானத்தில் இறங்கியது தவறுதான். ஆனால் அந்தத் தவறைச் செய்யாதவர்களும், சிறுவர்கள் பலரும், அதற்காக மூச்சுத் திணறிச் செத்தார்கள்.

தூண்டிவிடுகிறவர்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. 2016இல் மார்சேய் நகரில் ரஷ்ய முரடர்கள் இங்கிலாந்து இரசிகர்களைத் தாக்கியபோது, ரஷ்ய நாடாளுமன்ற உறுப்பினரும் அந்நாட்டுக் கால்பந்துச் சங்க நிர்வாகியுமான ஒருவர் அவர்களைப் புகழ்ந்து எழுதினார். மறுநாள் காலையில் கைகளில் காயமின்றி அலுவலகம் போகும் இவர்களை எந்தக் காவலரும் பிடிப்பதில்லை.

தண்டனையாக இன்று பெரும்பாலும் அரங்கை மூடி ஆட்டத்தை நடத்துகிறார்கள். அடித்தவனும் அமைதியாகப் பார்த்தவனும் ஒன்றாக வெளியே நிறுத்தப்படுகிறார்கள். இது நீதியா என்பதில் நமக்குத் தயக்கம் உண்டு. 2022 ஜூன் மாதம் புடாபெஸ்டில் ஹங்கேரி அணிக்கு இத்தண்டனை இருந்தபோது, 14 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களும் உடன்வரும் பெரியவர்களும் மட்டும் அனுமதிக்கப்பட்டார்கள். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். இனவெறிக்கு எதிராக இங்கிலாந்து வீரர்கள் முழந்தாளிட்டபோது அந்த மாடங்களிலிருந்து கேலிக் கூச்சல் எழுந்தது. பெரியவர்களை வெளியே நிறுத்தினார்கள்; பெரியவர்கள் கற்றுக்கொடுத்தது உள்ளே வந்துவிட்டது. தொலைக்காட்சி முன் நம்மோடு அமர்ந்திருக்கும் பிள்ளைகள், எதிரணி வீரர் கீழே விழும்போது நாம் என்ன சொல்கிறோம் என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

2000ஆம் ஆண்டு யூபிலியில் உரோமை ஒலிம்பிக் அரங்கில் விளையாட்டு வீரர்களோடு திருப்பலி நிறைவேற்றிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், விளையாட்டு உலகம் தன் மனச்சான்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். பிலாத்துவைப் போலத் தண்ணீர் கொண்டுவரச் சொல்வது எளிது. இரசிகர் காவலரைக் காட்டுகிறார். காவலர் அமைப்பாளரைக் காட்டுகிறார். அமைப்பாளர் கூட்டத்தைக் காட்டுகிறார். ஒருவர் பொறுப்பேற்றால் மற்றவரின் பங்கு குறையும் என்று நினைக்கிறார்கள். ஹெய்சலில் சுவர் நன்றாக இருந்திருந்தாலும் பாய்ந்தது பாவமே; எவரும் பாயாதிருந்தாலும் அந்தச் சுவரை அப்படியே விட்டது பாவமே.

அந்தத் திருத்தந்தை இறைவனடி சேர்ந்த மூன்றாம் நாள், 2005 ஏப்ரல் 5 அன்று, ஹெய்சலுக்குப் பின் முதன்முறையாக லிவர்பூலும் யுவென்டசும் ஆட்டத்தில் சந்தித்தன. லிவர்பூலின் ஆன்ஃபீல்டு அரங்கில் உள்ளூர் இரசிகர்கள் ஆளுக்கொரு வண்ண அட்டையைத் தூக்கிப் பிடித்து, 'நட்பு' என்ற சொல்லை இத்தாலிய மொழியில் மாடம் முழுவதும் எழுதிக் காட்டினார்கள். எதிரே நின்ற யுவென்டஸ் இரசிகர்களில் சிலர் கைதட்டினார்கள். பலர் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். இருபது ஆண்டுகள் கழித்து வந்த அந்தச் சொல்லை அவர்கள் ஏற்கவில்லை என்று குறை கூற நமக்கு மனம் வரவில்லை. அட்டையைப் பிடித்தவர்களும் அதைக் கீழே போட்டுவிடவில்லை.